கிழமைக்கும் எலி, நட்சத்திரத்துக்கும் எலி: என் மகளுக்கு என்ன சொல்வது?

தாமுவே அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு எட்டு வயது. போன வாரம் சித்திர வகுப்பில், பர்மிய வழக்கப்படி அவரவர் பிறந்த கிழமைக்குரிய விலங்கை வரையச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளை திங்கட்கிழமை, புலி வரைந்தாள். முன்வரிசைப் பையன் செவ்வாய், பிடரியெல்லாம் மஞ்சள் அடித்து ஒரு சிங்கம். இன்னொருத்தி ஞாயிறு, றெக்கை விரித்த கலோன் (கருடன்). என் மகள் வியாழக்கிழமை. தாளை வெறுமையாகவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். "என்னை மட்டும் ஏம்மா எலியாப் பெத்தே?" என்று கேட்டு அழுதாள்.

சரி, நம் பக்கத்து விலங்கையாவது சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று சாதகத்தை எடுத்தேன். மகம் நட்சத்திரம். பொருத்தம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மகத்துக்கும் எலிதான். பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

நான் வெள்ளிக்கிழமை. என் விலங்கைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யோசித்தது இல்லை. நீங்கள் உங்கள் விலங்கை எப்படி உங்களுடையதாக எடுத்துக்கொண்டீர்கள்? பிள்ளையிடம் சொல்வதற்கு எனக்கு ஏதாவது வேண்டும்.

பேதின் வீட்டுப் பேத்தி எழுதியது:

அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள். பிள்ளையின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது?

என் தாத்தா ஒரு பேதின் சயாவிடம் பல வருஷம் கூடவே இருந்து பர்மியச் சோதிடம் கற்றவர். ஓலையில் ஸாதா கீறிக் கொடுப்பார். ஸாதா என்பது நம் சாதகம்தான், சொல்லே அதுதான். கிழமைப் பெயர்களையும் காது கொடுத்துக் கேளுங்கள். அங்கா என்றால் செவ்வாய், நம் அங்காரகன். போத்தஹூ புதன். தௌச்சா சுக்கிரன். சனே சனி. இங்கே பிறந்து வளர்ந்த நாம் தினமும் இந்தப் பெயர்களைச் சொல்கிறோம், நம் வீட்டுச் சொற்கள் என்று தெரியாமலே சொல்கிறோம்.

வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு கலோன், அதாவது கருடன். திங்கள் புலி, செவ்வாய் சிங்கம். புதன் மட்டும் இரண்டாகப் பிளக்கும்: நண்பகல் வரை தந்தமுள்ள யானை, அதற்குப் பிறகு தந்தமில்லாத யானை. அந்தப் பின் அரை நாள் யாஹுவுக்கு, நம் ராகுவுக்கு. வியாழன் எலி, சனி நாகம். வெள்ளிக்குப் பர்மியர் 'பூ' என்பார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் அதைக் கினிப் பன்றி என்று போடுகிறார்கள், சிலர் அகழெலி என்கிறார்கள். கினிப் பன்றி தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பிராணி. பழைய பர்மியச் சோதிடத்தில் அதற்கு வேலை இருந்திருக்காது என்பது என் எண்ணம். மண்ணைத் தோண்டி வாழும், வால் இல்லாமல் வரைவார்கள், அவ்வளவு போதும். எங்கள் வீட்டில் பெருச்சாளி என்றே சொல்வோம், பிள்ளையார் வாகனம் என்று.

ஆக அக்கா, தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்து வளை. அதையே பிள்ளையிடம் சொல்லலாம்.

தாமுவே அம்மா எழுதியது:

பெயர் 'மீ'யில் தொடங்கும் தங்கச்சி. வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஒரே பெயர்தான். எனக்குத்தான் சின்ன வயதில் வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று என்று இரண்டு பெயர். அவளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தோம்.

பேதின் வீட்டுப் பேத்தி எழுதியது:

நான் நினைத்தது சரி. பர்மியர் பெயர் வைப்பது கிழமை எழுத்தில். திங்களுக்குக் க வரிசை, செவ்வாய்க்குச் ச வரிசை, சனிக்குத் த வரிசையும் ந-வும், ஞாயிற்றுக்கு உயிரெழுத்து. வியாழனுக்குப் ப வரிசையும் ம-வும். நாம் பெயர் வைப்பது நட்சத்திர எழுத்தில். மகத்துக்கு ம, மி, மு, மெ. இரண்டு கணக்கும் ஒரே எழுத்தில் வந்து நிற்கிறது. கிழமை, நட்சத்திரம், பெயர், மூன்றுக்கும் எலி. தாத்தா இருந்திருந்தால் இந்தப் பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லி மடியில் உட்கார வைத்துப் பார்த்திருப்பார். இப்படிச் சேர்ந்து வருவது சாதாரணம் இல்லை.

இன்னொன்று. "மகம் ஜகத்தை ஆளும்" என்று நம் கிழவிகள் அத்தனை பேரும் சொல்வார்கள். ஆளப்போகிற அந்த நட்சத்திரத்துக்குச் சிங்கத்தைக் கொடுக்காமல் எலியைக் கொடுத்திருக்கிறார்கள். சிங்கம் அவிட்டத்துக்கும் பூரட்டாதிக்கும் போனது. இதைப் பிள்ளை கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.

பெகு தம்பி எழுதியது:

எல்லோரும் பெரியவர்கள், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்த கிழமை என் கையில் இல்லை. ஆஸ்பத்திரியில் வலி கொஞ்சம் முன்னே பின்னே வந்திருந்தால் நான் நாகம் இல்லை, கலோன். பர்மிய வழக்கில் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. அப்படியிருக்க இது நான் யார் என்பதை எப்படிச் சொல்லும்?

நான் என் விலங்கை நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரின் ஹிந்தா, அன்னம். கடல் நடுவே ஒரு பறவை நிற்க மட்டும் இடமுள்ள திட்டு, அதில் ஆண் அன்னம் நிற்க அதன் முதுகில் பெண் அன்னம் நின்றது, அந்த இடத்தில்தான் பெகு எழும்பியது என்பது மோன் மக்களின் கதை. ஊரில் எங்கே திரும்பினாலும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அந்த இரண்டு பறவைதான். எங்கள் வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் வளர்ந்தோம். அண்ணன் படிக்காமல் வேலைக்குப் போனதால் நான் படித்தேன். கீழே நிற்கிற பறவையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணன் நினைவுதான் வரும். இதை எந்தப் பஞ்சாங்கமும் எனக்குக் கொடுக்கவில்லை.

பிள்ளைக்கு எலி பிடிக்கவில்லை என்றால் பிடித்ததை வரையட்டும், விடுங்கள் அக்கா.

தட்டோன் வயற்காரர் எழுதியது:

தம்பி, அண்ணனைப் பற்றி எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றால் எலியை யார் எடுப்பார்கள்? எல்லோரும் புலியும் அன்னமும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு அதோடு வாழ்ந்து பார்த்தால்தான் அது என்ன என்று தெரியும்.

நானும் வியாழக்கிழமை. நாற்பது வருஷமாக நெல்லு வயலில் எலியோடு சண்டை போடுகிறேன். கதிர் முற்றும் நேரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிடும். காலையில் போய்ப் பார்த்தால் தாள் சாய்வாக, கத்தியால் சீவின மாதிரி அறுந்து நிற்கும். முதலில் வயல் நடுவில் வெட்டும். ஓரத்துப் பயிர் அப்படியே நிற்பதால் வரப்பில் நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

அறுப்பு முடிந்ததும் வரப்பில் வளை வெட்டுவோம். மண்வெட்டியை ஆழமாகப் போடக்கூடாது, மேல் மண்ணை மெதுவாகச் சீவிக்கொண்டே வரவேண்டும். முதலில் வாசல், அதைத் தோண்டிய மண்ணாலேயே உள்ளிருந்து அடைத்திருக்கும். பிறகு ஒரு வளைவு. அப்புறம் ஒரு அறை, அதில் கதிர்களைக் காம்பு ஒரு பக்கம், மணி ஒரு பக்கமாக அடுக்கி வைத்திருக்கும். நான் அடுக்கினால்கூட அவ்வளவு ஒழுங்காக வராது. அதற்கும் உள்ளே சருகும் வைக்கோலும் நார் நாராகக் கிழித்துப் போட்ட இன்னொரு அறை, அது குட்டிகளுக்கு. அங்கிருந்து மேலே போகிற ஒரு வழி இருக்கும், மேல்மண் விரல் கனத்துக்கு மட்டும் மூடியிருக்கும். ஆபத்து வந்தால் முட்டிக்கொண்டு வெளியே போக.

முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. அப்பா பக்கத்தில் நின்றார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது தட்டோன் கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடையும் போனது. பெரியப்பா குடும்பம் கப்பல் ஏறியது. அப்பா ஏறவில்லை, ஒருவர் நிலத்தை வாரத்துக்குப் பிடித்து உழ ஆரம்பித்தார். அந்த வளையைப் பார்த்துவிட்டு, "எலி வளையானாலும் தனி வளை வேணும்டா" என்றார். அதுவரை அது வெறும் பழமொழி எனக்கு. அன்றைக்கு அவர் சொன்னது எங்கள் ஓலை வீட்டைப் பற்றி.

அதனால் எலியை நான் இன்றைக்கும் விரட்டுவேன், பொறி வைப்பேன். ஆனால் என்னை யாராவது எலி என்றால் தலையை ஆட்டிக்கொண்டு ஆமாம் என்பேன். சேர்த்து வைக்கும், குட்டிகளுக்கு இடம் ஒதுக்கும், தப்பிக்க வழி வைத்துக்கொண்டே வீடு கட்டும். நம் ஆட்கள் இந்த நாட்டில் செய்ததும் அதுதான்.

தாமுவே அம்மா எழுதியது:

ஐயா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. என் அப்பாவும் கப்பல் ஏறாதவர்தான். அந்த அறைகளை அவளுக்குப் படம் போட்டுக் காட்டப் போகிறேன்.

மக்னா எழுதியது:

ஒதுக்கி வைத்த விலங்கு பற்றி என்றால் நானும் பேசலாம். நான் புதன் மத்தியானம். ஒரு நாளில் பாதிதான் எனக்கு. சின்ன வயதில் மற்றவர்கள், "உன் யானைக்குத் தந்தமே இல்லை, அது பொட்டை யானை" என்பார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு மர வேலைக்குப் பின்மனா பக்கம் போனபோது ஒரு ஊசியிடம், அதுதான் யானைப் பாகரிடம், கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தந்தமில்லாத ஆணைப் பர்மியர் ஹைங் என்பார்கள், தமிழ்நாட்டில் மக்னா என்பார்கள். அதன் தும்பிக்கை புறப்படும் இடத்தையும் கழுத்தையும் தொட்டுக் காட்டினார். தந்தத்துக்குப் போகாத பலம் எல்லாம் அங்கே இறங்கியிருக்கிறது, தேக்கு உருட்ட அதுவே போதும் என்றார். எனக்கு அன்றைக்கு வயது இருபத்திரண்டு. இங்கே பெயராகவே அதை வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறீர்களா? புதன்கிழமை நம் ராகுகாலம் பகல் 12 மணி முதல் 1.30 வரை. பர்மியருக்கு ராகுவின் அரை நாள் தொடங்குவதும் அதே 12 மணிக்கு. இதை முதலில் கண்டுபிடித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பேதின் வீட்டுப் பேத்தி எழுதியது:

மக்னா அண்ணே, அது தற்செயல் மாதிரி தெரியலாம், ஆனால் வேர் ஒன்று. பர்மியர் ஒவ்வொரு கிரகத்துக்கும் வருஷம் கொடுப்பார்கள்: ஞாயிறு 6, திங்கள் 15, செவ்வாய் 8, புதன் 17, சனி 10, வியாழன் 19, ராகு 12, வெள்ளி 21. கூட்டினால் 108. நம் சோதிடத்தில் அஷ்டோத்தரி தசை என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இதே எண்கள், இதே 108. நம் ஊரில் 120 வருஷக் கணக்கான விம்சோத்தரிதான் புழக்கத்தில் நின்றது, அஷ்டோத்தரி ஏட்டில் ஒதுங்கிவிட்டது. இங்கே அது பயா வாசலில், அதாவது புத்தர் கோயில் வாசலில், தண்ணீர் ஊற்றும் கிழவிக்கும் தெரிந்த கணக்காக உயிரோடு இருக்கிறது. கேதுவுக்கு இதில் வருஷமும் இல்லை, கிழமையும் இல்லை. பல மிருகம் சேர்ந்த பஞ்சரூபம்தான் அவனுக்கு வாகனம், நம் கோயில் தூணில் நிற்கும் யாளிக்கு உறவு மாதிரி.

பெகு தம்பி கேட்ட கேள்விக்கும் ஒரு வார்த்தை. பிறந்த நேரம் முன்னே பின்னே போனால் விலங்கு மாறும் என்பது உண்மை. எந்தக் கணக்கில் நாள் தொடங்குகிறது என்பதிலேயே மாறும். ஆஸ்பத்திரிச் சீட்டில் நாள் நடு ராத்திரியில் மாறுகிறது, நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில். வியாழன் விடிகாலை மூன்று மணிக்குப் பிறந்தவனுக்குச் சீட்டில் வியாழன், நமக்கு இன்னும் புதன். இந்த நாட்டுக்கே இது நடந்தது. சோதிடர் குறித்த நேரத்தில், 1948 ஜனவரி 4, விடிகாலை 4.20க்குச் சுதந்திரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கலோன். நம் பஞ்சாங்கப்படி அது இன்னும் சனிக்கிழமை இரவு, நாகம்.

மோல்மேன் வேல்முருகன் அடிமை எழுதியது:

கலோன் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1930 டிசம்பரில் தாராவடியில் சயா சான் வெள்ளைக்காரனை எதிர்த்து எழும்பியபோது தன் ஆட்களுக்குக் கலோன் என்றுதான் பெயர் வைத்தார். நாகத்தைக் கொத்தித் தூக்கும் கருடன். நாகம் என்றால் வெள்ளைக்காரன். உடம்பில் பச்சை குத்திக்கொண்டு, குண்டு பாயாது என்று நம்பித் துப்பாக்கிக்கு எதிரே போனார்கள். 1931 நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நெல் விலை விழுந்து கடன்பட்ட உழவர்கள் அவர்கள். கடன் கொடுத்தவர்களில் நம் செட்டியார்கள் நிறைய. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார் கையில் இருந்தது, 1938இல் 25 பங்கு ஆனது. விலங்கு ஒருவனுக்கு எவ்வளவு தூரம் உயிராகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. அந்தக் கதையில் நம் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

என் விலங்கு மயில். கிழமைக் கணக்கில் இல்லை, என் கார்த்திகை நட்சத்திரத்துக்கும் ஆடுதான். ஆனால் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் ஒன்றில் தாத்தா காலத்திலிருந்து காவடி எடுக்கும் வீடு எங்களுடையது, அதனால் மயில். அது பர்மாவை ஆண்ட கொன்பவுங் ராஜாக்களின் சின்னமும்கூட. நாங்கள் கும்பிடும் மயில் வாகனத்துக்கு ஒரு பர்மியக் கைவினைஞர்தான் வர்ணம் அடித்தார். கழுத்தை நீலமாக அடிக்காமல் பச்சையாக, செதில் செதிலாக அடித்துவிட்டார். கொண்டையும் விசிறி மாதிரி இல்லை, குச்சி மாதிரி நேராக நிற்கும். பெரியவர்கள் சண்டைக்குப் போனார்கள். அவர் சொன்னாராம், "எங்கள் காட்டு மயில் இப்படித்தான்." உண்மைதான், இந்த நாட்டு மயில் பச்சை மயில். அப்படியே விட்டார்கள். முருகன் இந்த ஊருக்கு வந்து இந்த ஊர் மயிலில் ஏறிக்கொண்டான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சனிக்கிழமைக்காரன் எழுதியது:

சுருக்கமாக. நான் சனி, நாகம். என் மனைவி பர்மியர், வியாழன், எலி. இங்கே யாரைக் கேட்டாலும் சனியும் வியாழனும் சேராது என்பார்கள், பாம்பு எலியைத் தின்னும் என்று. மாமியார் மூன்று மாதம் சம்மதிக்கவில்லை. எங்கள் அம்மா யோனிப் பொருத்தம் பார்த்தார்கள். நான் ரேவதி, அவள் பிறந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் பரணி. இரண்டும் யானை. ஒரு கணக்கில் பகை, ஒரு கணக்கில் ஒரே ஜாதி.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். கோபம் வந்தால் நான் சனிக்கிழமைக்காரன்தான், சீறுவேன். அவள் வியாழக்கிழமைக்காரி, சாது என்பார்கள், ஆனால் சத்தமில்லாமல் தான் நினைத்ததை முடித்துவிடுவாள். எனக்கு வேலை போன வருஷத்தில், அரிசிப் பானைக்கு அடியில் துணியில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து என் கையில் வைத்தாள். எத்தனை வருஷமாகச் சேர்த்தாளோ. தட்டோன் ஐயா எழுதிய அந்த அறையைப் படித்ததும் எனக்கு அந்தத் துணி முடிச்சுதான் கண்ணில் வந்தது.

பெகு தம்பி எழுதியது:

ஐயாவும் சனிக்கிழமை அண்ணனும் எழுதியதைப் படித்த பிறகு, 'விடுங்கள்' என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அன்னத்தை விடமாட்டேன். ஆனால் நாளைக்குப் பயாவில் சனிக்கிழமை மூலையில் இருக்கும் என் நாகத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இதுவரை அந்த மூலைக்கு நான் போனதே இல்லை.

தாமுவே அம்மா எழுதியது:

நேற்று ஷ்வேடகோன் பயா போனோம். அங்கே கிழமைக்கு ஒரு திசை, வியாழனுக்கு மேற்கு. சாயங்காலம் நாலு மணி, வெயில் நேரே அந்தப் பக்கம் விழுந்து பளிங்குத் தரை காலைச் சுட்டது. பிள்ளையைப் பாய் விரித்திருந்த ஓரமாக நடத்திக் கூட்டிப்போனேன். சின்னப் புத்தர், அவர் காலடியில் எலி. வருஷக்கணக்காக ஈரக்கை பட்டு அதன் காதெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. இவள் முதலில் தள்ளியே நின்றாள். ஒரு பர்மியப் பாட்டி புத்தருக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு, கிண்ணத்தை இவள் கையில் கொடுத்து, "நீயும் ச்சாத்தபதேயா?" என்று கேட்டார், வியாழக்கிழமையா என்று. இவள் தலையாட்டினாள். "நானும்தான்" என்றார் பாட்டி.

வயதுக்கு ஒன்று கூட்டி ஒன்பது கிண்ணம் புத்தருக்கு ஊற்றினாள். பிறகு கேட்காமலே இன்னொரு கிண்ணம் மொண்டு எலியின் முதுகில் ஊற்றினாள். எதற்கென்று கேட்டேன். "அதுக்கும் வெயில் அடிக்குதுல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வளையின் படத்தைக் காட்டினேன். வெறுந்தாளை எடுத்து உட்கார்ந்தாள். எலி பெரிதாக வரவில்லை, தாளின் ஓரத்தில் சின்னதாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் அறைகள். ஒரு அறையில் கதிர், ஒன்றில் குட்டிகள், ஒன்றில் நான் வால் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். மேலே போகிற வழியை மட்டும் மண் மூடாமல் திறந்தே வரைந்திருக்கிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறாள்.